பாட்டின் வரியும் அச்சின் வரியும்

தமிழ்ப்பள்ளிகளில் இசை கற்பிக்கப்படுகிறதென்றால், பெரும்பாலும் அஃது ஒரு தாளிலிருந்தே கற்பிக்கப்படுகிறது. பாட்டு வாத்தியார் எதிரே அமர்ந்து வாயால் சொல்லித் தரும் வழக்கம் நகரத்து வீடுகள் சிலவற்றிலும் கோயில் மண்டபங்களிலும் இன்னும் உண்டு. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துத் தோட்டப்பள்ளிகளுக்கு அப்பேறு எளிதில் வாய்ப்பதில்லை. 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் இசையை ஒரு பாடமாக்கியது. அன்றுமுதல் இசை பயின்ற ஆசிரியர், பயிலாத ஆசிரியர் என்ற வேறுபாடின்றி யாரேனும் ஒருவர் அப்பாடத்தை எடுத்தாக வேண்டியதாயிற்று. அவர் கையில் இருப்பது தாள். அத்தாள் எப்படிப் பாடச் சொல்கிறதோ, பிள்ளைகள் அப்படியே பாடுவர். வரி முடிந்த இடத்தில் மூச்சு விடுவர்; சொல் பிரிந்த இடத்தில் சொல்லைப் பிரிப்பர்.

ஆதலின், பாட்டுத்தாளின் வரியமைப்பு அச்சுக்கூடத்தார் கவலை மட்டும் அன்று, தமிழாசிரியரின் கவலையுமாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து. பாட்டின் வரியை எங்கே முறிப்பது, எந்த எழுத்தை எந்தச் சுரத்தின்கீழ் வைப்பது என்பன இலக்கண வினாக்கள். அவற்றைக் கணினியின் விருப்பத்திற்கு விட்டுவிட்டால் விடை பிழையாகத்தான் வரும்.

அண்மையில் கைக்குக் கிடைத்த ஒரு தாளைச் சான்றாகக் கூறலாம். ஐந்துகோட்டு முறையில் சுரங்களும், அவற்றின்கீழ்த் தமிழ்ச் சொற்களும் அழகாகவே அச்சாகியிருந்தன. ஒரு வரியின் கடைசியில் 'வா' என்று இருந்தது. அடுத்த வரியின் முதலில் 'ராதே' என்று இருந்தது. பாட்டின் சொல் 'வாராதே' என்பதாகும். வரவேண்டாம் என்று சொன்ன தலைவி, அச்சேறியதும் இராதையை அழைக்கத் தொடங்கிவிட்டாள். பலகை என்பது பல கையாகவும், தாமரை என்பது தா மரையாகவும் பிரிந்து வேறு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்று அணியிலக்கணத்தில் நாம் கற்பிக்கிறோம். புலவன் வேண்டிச் செய்தால் அது சிலேடை. தாளின் அகலம் போதாமையால் நேர்ந்தால் அதற்கு அப்பெயர் பொருந்தாது.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடியில் செய்யுளுக்கு வரி என்பதே இல்லை. ஓலை முடிந்தால் வரி முடியும். சொல் பாதியில் நின்றாலும் எழுதுவோன் கவலைப்பட்டதில்லை. அடியை அடியாக, சீரைச் சீராகப் பிரித்து நிறுத்தியது அச்சுக் காலத்துப் பதிப்பாசிரியர்களின் பணி. அங்கேயும் ஒரு பூசல் எழுந்தது. சீர் பிரித்தால் சொல் சிதைகிறது. சொல் பிரித்தால் யாப்பு மறைகிறது. யாப்பருங்கலக்காரிகையின் ஒழிபியல் பேசும் வகையுளி இப்பூசலின் பழைய பெயர்தான். 1950களின் பிற்பகுதியில் மர்ரே நிறுவனத்து எஸ். இராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டபோது, படிப்போர்க்குச் சொல்லே முதன்மை என்று அவர் பக்கம் சாய்ந்தார். யாப்பை வேண்டுவோர் தாமே அலகிட்டுக்கொள்ளட்டும் என்பது அதன் உட்கருத்து. நல்ல முடிவு என்றே தோன்றுகிறது.

பாட்டுக்கு வரும்போது மூன்றாவது கட்சி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. சொல் ஒருபுறம், சீர் ஒருபுறம், தாளம் மற்றொருபுறம். இம்மூன்றும் ஒரே இடத்தில் முடியும் பாட்டுகள் உண்டு. அவை அச்சிடுவோர்க்குத் தொல்லை தருவதில்லை. அல்லாத பாட்டுகளே மிகுதி.

நம் முன்னோர் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று பார்ப்பது பயனுடையது. சின்னசாமி முதலியார் 1893இல் சென்னையில் நம் இசையை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டு வெளியிட்டார். பெருமுயற்சி அது. ஆனால் ஐந்து கோட்டைப் படிக்கத் தெரிந்தவர்க்கு நம் பாட்டுத் தெரியாது, பாட்டுத் தெரிந்தவர்க்கு ஐந்து கோடு தெரியாது. எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் 1904இல் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வேறு வழி சென்றது. சுரவெழுத்து ஒரு வரி, சாகித்தியம் அதன்கீழ் ஒரு வரி, கமகங்களுக்குச் சுரத்தின்மேல் தனிக்குறிகள். தாள அங்கம் முடியும் இடத்தில் ஒற்றைக் கோடு, ஆவர்த்தனம் முடியும் இடத்தில் இரட்டைக் கோடு என்னும் நம் வழக்கம், எழுத்தையே குறியாகக் கொண்ட அம்மரபைச் சேர்ந்தது. சென்னை மியூசிக் அகாதெமி அந்நூலை 1961 முதல் தமிழெழுத்தில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். அதைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார் என்பது கருதத்தக்கது. இசைநூல் அச்சிடுவோர்க்கு அச்சகம் பக்கத்தில் இருந்தால்தான் நிம்மதி போலும்.

இன்று அவ்வச்சகம் நம் மேசைமேலேயே இருக்கிறது. ஆனால் ஆசிரியர்கள் அதனைப் பயன்படுத்தும் விதம் வருந்தத்தக்கது. சாதாரணக் கடிதம் அடிக்கும் மென்பொருளில் ஸ ரி க ம என்று ஒரு வரி அடித்து, அதன்கீழ்ச் சொற்களை இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி நேர்படுத்துகிறார்கள். அலுவலகக் கணினியில் வேறு எழுத்துரு இருந்தால் போதும். அச்செடுத்த தாளில் ரிஷபம் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறி நிற்கும். வேறு சிலர் சுட்டெலியால் குறிகளை இழுத்து வைக்கும் மென்பொருளை நாடுகிறார்கள். அதில் ஒரு சொல்லைத் திருத்தினால் கையால் நகர்த்தி வைத்த மற்றவற்றையும் மீண்டும் சரிபார்க்க வேண்டியதாகிறது.

மூன்றாவது வழி, பாட்டை எழுத்தாகவே எழுதிக் கொடுப்பது. லில்லிபாண்ட் என்னும் மென்பொருள் இவ்வகையினது. நெதர்லாந்து நாட்டவராகிய ஹான்-வென் நீன்ஹூயிசும் யான் நியூவென்ஹூய்சனும் 1996இல் தொடங்கியது, யாவர்க்கும் இலவசம். சுரத்திற்கு ஓர் எழுத்தும் அதன் காலத்திற்கு ஓர் எண்ணுமாகத் தட்டச்சுச் செய்து, பாட்டின் சொற்களைத் தனியே ஒரு பகுதியில் அசை பிரித்து எழுதிவிட்டால், அது சுரத்தையும் சொல்லையும் தானே பொருத்திப் பக்கம் அமைத்துத் தரும். யூனிகோடுத் தமிழை அப்படியே ஏற்கும். மலேசியரான முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் 'முரசு' மென்பொருளை உருவாக்கிய நாள்தொட்டுக் கணினித் தமிழோடு பழகிய நம்மவர்க்கு, எழுதிவைத்த கோப்பு எழுத்துரு மாறியதால் படிக்க முடியாமற் போன துன்பம் நன்கு தெரியும். வெறும் எழுத்தாக இருக்கும் கோப்புக்கு அவ்வச்சம் குறைவு.

இதன் ஆக்கியோர் தங்கள் மென்பொருளுக்கு மாதிரியாகக் கொண்டது பழைய கைச்செதுக்கு அச்சையே. பாக் என்னும் செர்மானிய இசையறிஞரின் தனிச்செல்லோ இசைக்கு 1950இல் வெளிவந்த பேரன்ரைட்டர் பதிப்பை அவர்கள் உரைகல்லாக எடுத்துக்காட்டுகிறார்கள். கணினியால் அச்சிட்டவை உயிரற்றுத் தோன்றுவது ஏன் என்ற கேள்வியே அவர்கள் முயற்சிக்கு வித்து. போற்றத்தக்க நோக்கம். எனினும் அவர்கள் செவியில் இருந்தது ஐரோப்பிய இசை. வரியை எங்கே முறிப்பது என்பதில், தாளக்கோடு உள்ள எவ்விடமும் நல்லிடம். அவற்றுள் எதைத் தேர்ந்தால் பக்கம் முழுதும் நெருக்கடியின்றி நிரம்புமோ அதுவே சிறந்தது என்பது அதன் கணக்கு. செல்லோவுக்கு இது முற்றும் சரி. நம் கீர்த்தனைக்கு இது மீண்டும் ஓலையின் நியாயம்தான்; இடம் முடிந்தால் வரி முடியும்.

நாம் செய்யவேண்டியது, அத்தேர்வை அதன் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. தானே வரி முறிப்பதை நிறுத்தச் சொல்லவும், இங்கே முறி என்று கட்டளையிடவும் அதில் வழியுண்டு. ஆவர்த்தனத்திற்கு ஒரு வரி என்பதைப் பொதுவிதியாகக் கொள்ளலாம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் சுரம் மிகுந்து ஒரு வரியில் அடங்காவிட்டால், லகு ஒரு வரி, இரண்டு திருதமும் ஒரு வரி என்று பாதியாக்கலாம், மூன்றாக்குதல் ஆகாது. தாளக்கோடுகளையும் அதன் போக்கிற்கு விடலாகாது. ஐரோப்பிய வழக்கப்படி நான்கு நான்காகக் கோடிட்டால் லகுவுக்கும் திருத இணைக்கும் வேறுபாடு தெரியாமல், சமம் எது, பாதி எது என்று கைபோடும் பிள்ளை மயங்கும். லகுவின்பின் ஒற்றைக் கோடு, முதல் திருதத்தின்பின் ஒற்றைக் கோடு, ஆவர்த்தனத்தின் இறுதியில் இரட்டைக் கோடு என்று நம் சுரநூல் வழக்கத்தையே இங்கும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

எடுப்பு சமத்தில் இல்லாத பாட்டுகளில்தான் உண்மையான சோதனை. அநாகத எடுப்பு, அதாவது தாளம் தொடங்கியபின் பாட்டுத் தொடங்குவது, அவ்வளவு தொல்லையன்று. வரியின் முதலில் ஓர் ஓய்வுக்குறி இட்டால் பிள்ளை காத்திருக்கக் கற்கும். பாட்டு முந்தித் தாளம் பின்வரும் அதீத எடுப்பே இடர் தருவது. மேலே சொன்ன 'வாராதே' அவ்வகையினது. 'வா' முந்திய ஆவர்த்தனத்தின் கடைசியில் விழ, சமத்தில் 'ராதே' விழுகிறது. ஆவர்த்தனத்திற்கு ஒரு வரி என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், வரிதோறும் சொல் துண்டாகும். அத்தாளை அமைத்தவரை நாம் குறை கூறுவதற்கில்லை. மென்பொருள் சரி என்று காட்டிய இடத்தைத்தான் அவர் ஏற்றுக்கொண்டார். தாளத்தின் கணக்கில் அது சரிதான்.

இவ்விடத்தில் தாளத்தை விட்டுச் சொல்லின் பக்கம் நிற்பதே முறை. வரி 'வா' என்பதிலிருந்தே தொடங்கட்டும். ஆவர்த்தனத்தின் இரட்டைக் கோடு வரியின் நடுவே, 'வா'வுக்கும் 'ரா'வுக்கும் இடையில் வரட்டும். கோடு இல்லாத இடத்தில் வரியை முறிக்க இம்மென்பொருள் மறுக்குமே என்றால், அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தாளக்கோடு ஒன்றை அவ்விடத்தில் எழுதிவிட்டால், அங்கே முறிக்கலாம் என்று அது ஒப்புக்கொள்ளும். தாளில் எதுவும் தோன்றாது. சொல்லும் முழுதாக நிற்கும், சமமும் இரட்டைக் கோட்டால் விளங்கும். கண்ட சாபுவிலும் ரூபகத்திலும் அமைந்த பாட்டுகளுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, சொல்லை எழுத்தாகப் பிரிக்கும் சிக்கல். இதுவே தமிழாசிரியர் தலையிட வேண்டிய இடம்.

'பாட்டு' என்ற சொல்லை இரண்டு சுரத்துக்குப் பிரிப்பதெப்படி? அலகிடும் முறைப்படி 'பாட்-டு' என்போம். ஒற்று தனித்து அலகு பெறாது, முன்னெழுத்தோடு சேரும் என்பது முதல் வகுப்பு யாப்புப் பாடம். ஆனால் சுரநூல்கள் பலவற்றில் 'பா-ட்டு' என்ற பிரிப்பைக் காண்கிறோம். தமிழறியாமையால் நேர்ந்ததென்று கடிந்து ஒதுக்குமுன் சற்றுச் சிந்திக்க வேண்டும். அச்சேறிய பழைய சுரநூல்கள் பல தெலுங்கெழுத்தில் அமைந்தவை. அவ்வெழுத்தில் இரட்டித்த மெய் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே கூட்டெழுத்தாக நிற்கும். அதைப் பிரித்து முன்னெழுத்தோடு ஒட்ட இடமில்லை. தமிழில் அம்முறை பெயர்த்தெழுதப்பட்டபோது பிரிப்பும் கூடவே வந்தது என்று கொள்ளலாம்.

வந்த காரணம் எதுவாயினும், பாடுவோர்க்கு அதில் ஒரு நன்மை உண்டு. 'பா' என்னும் எழுத்து நான்கைந்து சுரத்துக்கு நீளும்போது, முதற் சுரத்தின்கீழ் 'பாட்' என்று எழுதினால், பிள்ளை முதற் சுரத்திலேயே டகர ஒற்றை ஒலித்து வாயை மூடிக்கொள்ளும். மீதிச் சுரங்கள் ஒலியின்றிப் போகும். 'பா' என்று எழுதி, அதன்பின் நீட்டற்கோடு இட்டு, கடைசியில் 'ட்டு' என்று எழுதினால் உயிரொலி முழுதும் நீளும். யாப்பின் விதியும் பாட்டின் தேவையும் இங்கே முரண்படுகின்றன.

இரண்டில் ஒன்றை எல்லாவிடத்துக்கும் விதியாக்குதல் சரியன்று. மெய்களின் இயல்பை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். வல்லின மெய்யை நீட்ட முடியாது. அது ஒலியை அடைப்பது. மெல்லினமும் இடையினமும் நீளக்கூடியவை. 'கண்' என்பதில் ணகரத்தின்மேலும், 'வான்' என்பதில் னகரத்தின்மேலும், 'வேல்' என்பதில் லகரத்தின்மேலும் சுரம் நிற்கும். ஆகவே எழுத்துக்கு ஒரு சுரம் என்று நடக்கும் இடங்களில் 'பாட்-டு', 'கண்-ணன்', 'வெள்-ளம்' என அலகு முறையே கொள்க. ஓரெழுத்துப் பல சுரத்துக்கு நீளும் இடத்தில் வல்லொற்று வருமானால் மட்டும் அதை அடுத்த எழுத்தோடு சேர்த்து 'பா-ட்டு' என்க. மெல்லொற்றும் இடையொற்றும் எங்கும் முன்னெழுத்தோடே நிற்கட்டும். மொழிமுதலில் ஒற்று வந்துவிட்டதே என்று தமிழ் நெஞ்சம் பதறும். இடையில் ஒரு சிறுகோடு இருப்பதால் அது மொழிமுதல் அன்று என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம்.

அச்சிறுகோடு தாளில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் நெருங்கி இடம் போதாவிட்டால் இம்மென்பொருள் சிறுகோட்டை ஓசையின்றி விட்டுவிடும். ஆங்கிலச் சொல்லைக் கண்டறிந்தவர்க்கு அதனால் இழப்பில்லை. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப்பிள்ளைக்கு 'மா லை' என்பது ஒரு சொல்லா இரு சொல்லா என்று சொல்ல அக்கோடு ஒன்றுதான் சான்று. கோட்டுக்குக் குறைந்த அளவு இடம் ஒதுக்கும்படி முன்னரே எழுதிவிடுதல் நலம்.

தமிழெழுத்தின் அகலமும் ஒரு தொல்லை. 'ணௌ', 'ளை', 'கொ' போன்றவை இரண்டு மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். சொல்லுக்கு இடம் விடுவதற்காகச் சுரங்கள் விலகும்; ஒரே காலமுள்ள நான்கு சுரங்களில் ஒன்று தள்ளியும் மூன்று நெருங்கியும் நிற்கும். பார்த்துப் பாடும் பிள்ளை தள்ளி நிற்பதை நீட்டிவிடும். காலத்திற்கேற்ற ஒரே இடைவெளியை எங்கும் கட்டாயமாக்கும் வசதி இருக்கிறது; அதனோடு சொல்லின் எழுத்தளவைச் சற்றே குறைத்தால் சரியாகும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் உயிர்மெய்யின் முன்னே நிற்பதால், 'கெ', 'கே' ஆகியவற்றை மென்பொருள் சுரத்தின்கீழ் நடுவாக வைக்கும்போது மெய்யெழுத்து வலப்புறம் ஒதுங்கித் தோன்றும். அது சிறிய குறை, கண் பழகிவிடும். (1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னைய தும்பிக்கை ஐகாரம் இருந்திருந்தால் 'னை', 'லை' இன்னும் எப்படி மிதந்திருக்குமோ!) புள்ளியும் மேல்விலங்கும் மேலே எழ, உகரக் கால்கள் கீழே இறங்க, இரண்டு வரிச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று இடிக்காமல் வரியிடைவெளியை மிகுதியாக்குவதும் வேண்டும். முதல் வரியை உள்தள்ளுவதையும், பாதி ஆவர்த்தனமே உள்ள கடைசி வரியைத் தாளின் முழு அகலத்துக்கு இழுப்பதையும் நிறுத்திவிடுக. இவை ஒவ்வொன்றும் ஒரு வரிக் கட்டளையே. ஒருமுறை எழுதி வைத்துப் பள்ளியின் எல்லாப் பாட்டுக்கும் பயன்படுத்தலாம்.

இத்தனை பாடு எதற்கு, சுரவெழுத்து மட்டும் போதாதா என்று இசைவாணர் கேட்பர். அவர்தம் ஐயம் நியாயமானதே. ஐந்துகோட்டில் கமகம் தோன்றாது. தோடியின் காந்தாரத்தைக் கோட்டின்மேல் ஒரு புள்ளியாக வைத்துவிட்டு இதுதான் காந்தாரம் என்பது பொய். ஆனால் நம் பிள்ளைகள் இசைப்பாடத்தில் ரெக்கார்டர் ஊதக் கற்பது ஐந்துகோட்டில். அதே பிள்ளைகள் திருமுறை ஓதும் விழாவுக்குப் பயிலும்போது கற்பது வாய்வழியாக. இரண்டும் இரண்டு உலகங்களாகவே கிடக்கின்றன. கோட்டின்கீழ்ச் சுரவெழுத்து ஒரு வரி, அதன்கீழ்ச் சாகித்தியம் ஒரு வரி என்று அமைத்தால், ஒரே தாள் இருவர்க்கும் உதவும். சுரவெழுத்தையும் சொல்லைப் போலவே ஒரு வரியாக எழுதிக் கொடுக்கலாமாதலின் இதற்குத் தனி முயற்சி ஒன்றும் வேண்டியதில்லை. கமகக் குறிகளைத் தொடக்கப்பள்ளித் தாளில் ஏற்றாமல் விடுவதே நன்று. அவை ஆசிரியரின் தொண்டைக்கு உரியவை.

குறை கூறவேண்டுமாயின், இம்மென்பொருளின் கட்டளைகள் யாவும் ஆங்கிலத்தில் இருப்பதும், ஒரு பின்னற்குறி விடுபட்டாலும் தாள் வராமல் நிற்பதும் நம்மாசிரியரைத் தொடக்கத்தில் அச்சுறுத்தும். வெண்பாவில் தளை தட்டினால் விடாது திருத்தும் பொறுமை உள்ளவர்க்கு இது பெரிதன்று.

பல சரணங்கள் உள்ள பாட்டுகளைப் பற்றி ஒரு சொல். மூன்று சரணத்தையும் ஒரே சுரவரியின்கீழ் மூன்றடுக்காக அடுக்குவது ஐரோப்பியப் பாடல்நூல் வழக்கு. மூன்று சரணத்திலும் எது அகலமான எழுத்தோ அதற்கேற்பச் சுரங்கள் விலகுவதால், தமிழில் இதனால் வரி நீண்டு பக்கம் பெருகும். மூன்றாம் அடுக்கைப் படிக்கும் பிள்ளைக்குச் சுரம் எட்டாத தொலைவில் இருக்கும். பல்லவி, அனுபல்லவி, முதற் சரணம் ஆகியவற்றைச் சுரத்தோடு அமைத்து, ஏனைய சரணங்களைத் தாளின் அடியில் செய்யுளாகவே, அடி அடியாக அச்சிடுவது தக்கது. முதற் சரணத்தோடு எழுத்தெண்ணிக்கை ஒவ்வாத சொல் அவற்றுள் எங்கேனும் இருப்பின், அச்சொல்லுக்கு மட்டும் ஓரங்குலக் கோட்டுத் துண்டு ஒன்றைச் சுரத்தோடு பக்கத்தில் வைத்துவிடலாம்.